நாடகத்தில் எங்கள் நாய் அன்னியிடம் போகாமல் என் மகளிடம் ஓடுகிறது. என்ன செய்வது?

மணியின் அப்பா:

என் மகள் இருக்கும் சிறுவர் நாடகக் குழு இந்த முறை, அனாதை விடுதிச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய அமெரிக்க இசை நாடகமான 'அன்னி'யைப் போடுகிறது. முழு நாடகம் இல்லை, பிள்ளைகளுக்கென்று 60 நிமிடத்துக்குச் சுருக்கிய ஜூனியர் வடிவம். மேடையில் 32 பிள்ளைகள், ஒரு நாய். அந்த நாய் எங்களுடையது. பெற்றோர் கூட்டத்தில் இயக்குநர் "யார் வீட்டிலாவது சாதுவான நாய் இருக்கிறதா?" என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மணிக்கு ஆறு வயது. வெளிர் பழுப்பு நிறம், என்ன ஜாதி என்று அவனுக்கே தெரியாது. குரைக்க மாட்டான், கடிக்க மாட்டான், ஓட மாட்டான். இதையெல்லாம் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். வெறும் சோம்பல் என்பது ஒத்திகையில்தான் தெரிந்தது.

பிரச்சினை ஒரே ஒரு காட்சியில். 1933, நியூயார்க் தெரு. விடுதியிலிருந்து தப்பி வந்த அன்னிக்கு ஒரு தெருநாய் துணை சேர்கிறது. போலீஸ்காரர் வந்து, உன் நாய்தான் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடு பார்க்கலாம் என்கிறார். அவள் அந்த நிமிடத்தில் தோன்றிய 'சாண்டி' என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட, நாய் அவளிடம் போக வேண்டும். அவ்வளவுதான் மணியின் நடிப்பு.

முதல் ஒத்திகையில் அந்தச் சிறுமி கூப்பிட்டாள். மணி எழுந்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நேராக வந்து, அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் பக்கத்திரை மறைவில் நின்றிருந்த என் மகளின் காலடியில் படுத்துவிட்டான். மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் அதேதான்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. என் மகளும் அன்னி வேடத்துக்குத்தான் தேர்வுக்குப் போனாள். கிடைத்தது விடுதிப் பிள்ளைகளில் ஒருத்தி, இரண்டே வரி வசனம். மூன்றாவது தடவை மணி ஓடி வந்தபோது அவள் சிரித்துவிட்டாள். நானும்தான். இயக்குநர் பார்த்துவிட்டார்.

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நாய் பழக்கியவர்கள், நாடகம் போட்டவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

---

ஒலிப்பெட்டி:

இதற்கு ஏன் இவ்வளவு கவலை? வசனத்தில் சாண்டியை 'மணி' என்று மாற்றிவிடுங்கள். பாதி வேலை முடிந்தது.

---

விங்கில் நிற்பவன்:

மேலே நண்பர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த மாதிரி நாடகங்களை உரிமம் வாங்கித்தான் போடுகிறோம். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வசனத்தையோ பெயரையோ மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். வீடியோ எடுப்பதற்கும் தனி அனுமதி வேண்டும், அதையும் பெற்றோர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுகிற நேரத்தில் நாய்க்குப் புதுப் பெயரே பழகிவிடும்.

பெயர் பழக்குவது சுலபம். 'சாண்டி' என்று சொல்லுங்கள், உடனே அவித்த கோழியில் நகம் அளவு ஒரு துண்டு. பெயர் முதலில், துண்டு அப்புறம். ஒரு நாளைக்கு இருபது தடவை, நாலைந்து தவணையாகப் பிரித்து. ஒத்திகை நடக்கும் இடத்தில் யாரும் 'மணி' என்று வாயைத் திறக்கக் கூடாது.

அடுத்தது, துண்டு கொடுக்கும் கை அன்னியாக நடிக்கும் பிள்ளையுடையதாக இருக்கட்டும். முடிந்தால் அவள் உங்கள் வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டையும் அவளே வைக்கட்டும். ஒத்திகை அன்று முன்கூட்டியே வயிறு நிறையப் போட்டுவிடாதீர்கள். வயிறு நிறைந்த நாய்க்கு யார் கூப்பிட்டால் என்ன?

உங்கள் மகளை எங்கே நிறுத்துவது என்பதுதான் முக்கியம். தூரமாக அனுப்பிவிடலாம் என்று இயக்குநர் சொல்வார். வேண்டாம், அவன் மோப்பம் பிடித்துத் தேடப் போய்விடுவான். அவளை எதிர்ப் பக்கம் மாற்றுங்கள். போலீஸ்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓரத்தில், திரைக்கு ஒட்டி உள்ளே அவள். 'போ' என்று மெதுவாகச் சொல்பவள் அவளாக இருக்கட்டும். முதலில் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் நாலடி இடைவெளியில் உட்கார்ந்து, ஒருத்தி அனுப்ப மற்றவள் கூப்பிட, பந்து விளையாடுவது போலப் பழக்குங்கள். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தனக்குப் பிடித்த ஆளே போகச் சொன்னால் நாய்க்குக் குழப்பம் இருக்காது.

கைதட்டலை மறந்துவிடாதீர்கள். நான் பார்த்த ஒரு நாய் ஒத்திகையில் தங்கமாக நடந்துகொண்டு, முதல் காட்சியில் கைதட்டல் கேட்டதும் மெத்தைக்கு அடியில் புகுந்துகொண்டது. விடுதிக் கட்டிலோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனோம். பதிவு செய்த கைதட்டலைச் சாப்பாட்டு நேரத்தில் மிகச் சன்னமாக வைத்து, நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டுங்கள். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை. அதனால் மேடை ஒலிபெருக்கிக்கு அருகில் நிறுத்தாதீர்கள். பெயின்ட் அடித்த மேடை வழுக்கும், அன்னி நிற்கும் இடத்தில் சொரசொரப்பான சிறு விரிப்பு ஒன்று போடுங்கள். எங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்கும் அதுவே அவனுக்கு அடையாளம். அப்புறம் பிள்ளைகள் பையில் சாக்லேட் வைத்திருப்பார்கள். அது நாய்க்கு விஷம். கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்கும் மேல் அவன் வராவிட்டால்? அன்னியே அவனிடம் நடந்து போய்க் கட்டிக்கொள்ளட்டும். போலீஸ்காரர் சிரிக்காமல் இருந்தால் போதும், பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. அவன் நடுங்கினால் மட்டும் வற்புறுத்தாதீர்கள். நாய் உடை போட்ட ஒரு பிள்ளையைத் தயாராக வைத்திருங்கள்.

மணியின் ஜாதியைப் பற்றி வருத்தமே வேண்டாம். 1976-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் குட்ஸ்பீட் அரங்கில் இந்த நாடகம் முதலில் வந்தபோது, வில்லியம் பெர்லோனி என்ற பயிற்சி இளைஞரிடம் நாய் தேடச் சொன்னார்கள். காப்பகத்தில் கொல்லப்பட இருந்த ஒரு கலப்பின நாயை அவர் எட்டு டாலருக்கு வாங்கி வந்தார். அடுத்த ஆண்டு அந்த நாய் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கே போனது.

---

பாட்டு டீச்சர்:

நாய் விஷயத்தை அவர் சொல்லிவிட்டார். அந்தச் சிரிப்பைப் பற்றி நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் சார்.

உங்கள் மகள் சிரித்தது சரி, குழந்தை. நீங்கள் சிரித்ததை அன்னியாக நடிக்கும் பிள்ளை பார்த்தாளா? முப்பது பேர் பார்க்க ஒரு நாயைக் கூப்பிட்டு, அது வராமல், மூன்று முறை நடு மேடையில் தனியாக நின்றவள் அவள். என் வகுப்பில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் மறுநாள் தொண்டை வலி என்று வராமலேயே இருந்திருப்பாள்.

அதே குட்ஸ்பீட்டில் நடந்த இன்னொன்று. அங்கே முதலில் அன்னியாக நடித்தவள் கிறிஸ்டன் விகார்ட் என்ற சிறுமி. குரலும் நடிப்பும் ரொம்ப மென்மையாக இருக்கிறது, தெருவில் பிழைக்கிற பிள்ளைக்குப் போதாது என்று, தொடங்கிய சில நாளிலேயே அவளை மாற்றிவிட்டு, விடுதிப் பிள்ளைகளில் முரட்டுப் பெண்ணாக நடித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரியா மெக்ஆர்டிலை அன்னி ஆக்கினார்கள். 1977-இல் அவள் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்கே பரிந்துரைக்கப்பட்டாள். மெக்ஆர்டில் கதையைச் சொல்லி உங்கள் மகளுக்கு ஆசை காட்ட வேண்டாம். விகார்ட் கதையைச் சொல்லுங்கள். பிராட்வேயில் அவள் மெக்ஆர்டிலுக்கு மாற்று நடிகையாகத் திரும்பி வந்தாள்.

---

மணியின் அப்பா:

டீச்சர், அன்னியாக நடிக்கும் பிள்ளை நான் சிரித்ததைப் பார்த்திருக்கிறாள். உங்கள் பதிலைப் படித்த அன்றே அவள் அம்மாவுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அப்போ நாய்க்கு நான் சாப்பாடு வைக்கலாமா?" என்று பின்னால் குரல் கேட்டது.

ஐந்து வாரமும் தினமும் வந்தாள். முதல் வாரம் என் மகள் அறையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாவது வாரம் வந்து, "அப்படிக் கூப்பிட்டால் வர மாட்டான், குனிந்து கூப்பிடு" என்றாள். நான் கிளம்பி மாடிக்குப் போய்விட்டேன்.

மொத்தம் நான்கு முறை நாடகம் போட்டோம். மூன்றில் மணி சரியாகப் போனான். இரண்டாவது முறை மட்டும் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தான். உள்ளேயிருந்து என் மகள் 'போடா' என்றது மூன்றாவது வரிசை வரை கேட்டதாம். அதற்குத்தான் அதிகக் கைதட்டல், அவன் மிரளவே இல்லை. கைதட்டல் பழக்கம் வேலை செய்தது, விங்கில் நிற்பவருக்கு நன்றி.

நாடகம் முடிந்து நாலு நாள் ஆகிறது. அந்தப் பெண் நேற்றும் ராத்திரிச் சாப்பாடு வைக்க வந்திருந்தாள்.