எரிமலைக்கு மேல் தம்பியின் வாடகை வீடு

வீட்டுக் குழு, 13 மார்ச் 2025

காலை 6.20

தம்பி: அம்மா, செய்தி பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இங்கே இரவு 1.25க்குப் பெரிய நிலநடுக்கம், 4.6. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருவே போர்வையோடு கீழே இறங்கி நிற்கிறது.

அம்மா: கண்ணா, அடி எதுவும் படவில்லையே? போனை எடு.

தம்பி: இல்லை அம்மா. அலமாரியிலிருந்து புத்தகங்கள் விழுந்தன. கூரைப் பூச்சு கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சித்தி: எரிமலை வெடிக்கப் போகிறது என்று எங்கள் அலுவலகக் குழுவில் வீடியோ வந்திருக்கிறதே. வெசூவியஸ்தானே அது?

நான்: சித்தி, அந்த வீடியோவை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம். வெசூவியஸ் எரிமலை இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. தம்பி இருப்பது மேற்கே, காம்பி ஃபிளக்ரேய் என்ற எரிமலைப் பள்ளத்துக்குள். கூம்பு மலை எதுவும் இருக்காது. பெரிய பள்ளம், அதற்குள் ஊர்கள். ஏறக்குறைய 5 லட்சம் பேர் அபாய மண்டலத்தில் வாழ்கிறார்கள்.

பெரியப்பா: பாப்பா, நீ நிலவியல் படித்தவள். அடியில் மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, ஏரி மாதிரி கொதித்துக்கொண்டு இருக்கிறதா? பால் பொங்குகிற மாதிரி எப்போது வேண்டுமானாலும் வழிந்துவிடுமா?

நான்: பெரியப்பா, பள்ளிப் புத்தகத்தில் அப்படித்தான் படம் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது பால் இல்லை, இறுகிப்போன பொங்கல். பருக்கைகளாகப் படிகங்கள், அவற்றுக்கு நடுவே கொஞ்சம் உருகிய பாறை. பாதிக்கு மேல் படிகமாகிவிட்டால் அதனால் சுலபமாக ஓட முடியாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். கீழேயிருந்து சூடான புது மாக்மா வந்து சேர்ந்தாலோ, உருகிய பகுதி மட்டும் தனியாகப் பிரிந்து மேலே திரண்டாலோதான் ஆபத்து. தம்பி இருக்கும் இடத்தில் உருகிய பாறை 7, 8 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதாக நில அதிர்வு அலைகளை வைத்துக் கணித்திருக்கிறார்கள்.

அம்மா: அப்படியானால் ஏன் ஆடுகிறது?

நான்: தரை எழும்புகிறது அம்மா. 2005 முதல், அந்தப் பள்ளத்துக்குள் இருக்கும் பொட்சுவோலி ஊரின் துறைமுகப் பக்கம் சுமார் 1.4 மீட்டர் உயர்ந்திருக்கிறது. மாதம் 1 செ.மீ. என்று இருந்தது, போன மாதத்திலிருந்து 3 செ.மீ. பாறை அவ்வளவு இழுபட்டால் உடையத்தான் செய்யும். தூக்குவது வாயுவும் வெந்நீரும் மட்டுமா, மாக்மாவும் சேர்ந்தா என்பதில்தான் விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடு.

தம்பி: இங்கே பழைய ரோமானியச் சந்தையில் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. என் தலைக்கு மேலே வெகு உயரத்தில் கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள்! தரை கடலுக்குள் இறங்கி மறுபடி எழுந்திருக்கிறது.

பெரியப்பா: எழும்பினால் வெடித்துத்தான் ஆக வேண்டுமா?

நான்: இல்லை. 1982 முதல் 1984 வரை 1.8 மீட்டர் எழும்பியது. 40,000 பேரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். வெடிக்கவில்லை, தரை மெல்ல இறங்கிவிட்டது. ஆனால் 1538இல் வெடித்தது. ஒரே வாரத்தில் புதிதாக ஒரு குன்றே முளைத்தது, இன்றைக்கும் இருக்கிறது.

சித்தி: அப்படியானால் முன்கூட்டிச் சொல்லவே முடியாதா?

நான்: தேதி சொல்ல முடியாது சித்தி. அறிகுறி சேரச் சேர எச்சரிக்கையைக் கூட்ட முடியும். பிலிப்பைன்ஸில் பினதூபோ 500 ஆண்டுகளாகத் தூங்கிய மலை. 1991 ஏப்ரலில் நீராவி சீறியது. மே மாதம் கந்தக வாயு இரண்டே வாரத்தில் பத்து மடங்கானது, அப்புறம் திடீரென்று குறைந்தது. மலை அடங்கிவிட்டது என்று அவர்கள் நினைக்கவில்லை, வாய் அடைத்துக்கொண்டது என்று புரிந்துகொண்டு ஊர்களைக் காலி செய்தார்கள். ஜூன் 15 வெடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். இறந்தவர்களில் பலர், புயல் மழையில் ஊறிய சாம்பலின் பாரம் தாங்காமல் கூரை விழுந்துதான் இறந்தார்கள். எனக்கு அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

அம்மா: தம்பி, நீ ஊருக்கு வந்துவிடு. படிப்பு அப்புறம் பார்க்கலாம்.

தம்பி: அம்மா, இங்கே எச்சரிக்கை 2012 முதல் மஞ்சளில்தான் இருக்கிறது. சிவப்பு அறிவித்தால் 72 மணி நேரத்தில் எல்லாரையும் வெளியேற்றும் திட்டம் தயார். எந்த வட்டாரத்து மக்கள் எந்த மாநிலத்துக்குப் போக வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அம்மா: சரி, இன்றைக்கு மட்டுமாவது நண்பன் வீட்டுக் கீழ்த்தளத்தில் போய்ப் படு.

நான்: வேண்டாம் வேண்டாம். இந்த வட்டாரத்தில் மண்ணிலிருந்து கரியமில வாயு வருகிறது. அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் கீழ்த்தளத்திலும் தேங்கும். நிறமும் வாசமும் இல்லாததால் தெரியாது. எனக்கு இப்போதைய பயம் வெடிப்பு இல்லை தம்பி, உன் வீட்டுக் கூரையும் அந்த வாயுவும்தான். உதிர்ந்த இடத்தைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பு. பொறியாளர் வந்து பார்க்காமல் அந்த அறையில் தூங்காதே.

தம்பி: அனுப்பிவிட்டேன் அக்கா. இரண்டு நாள் ஊருக்கு வெளியே, பேராசிரியர் ஏற்பாடு செய்த விடுதியில் தங்குகிறேன்.

பெரியப்பா: உங்கள் தெருவுக்கு ஒன்றுகூடும் இடம் எது?

தம்பி: பக்கத்துப் பூங்கா. பலகை இருக்கிறது. காலையில் நடந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அம்மா: பாஸ்போர்ட், மருந்து, டார்ச் எல்லாம் ஒரே பையில் வை. செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள், கண்ணாடி உடைந்து கிடந்தால் காலில் குத்திவிடும்.

தம்பி: சரி அம்மா. (பையின் படம்)

அம்மா: இதில் டார்ச் எங்கே?