பஸ்கா வாரத்தில் யூத நண்பருக்கு இட்லி கொடுக்கலாமா?

கேள்வி: பஸ்கா என்னும் யூதப் பண்டிகை நாள்களில் யூத நண்பர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். அப்போது புளித்தது ஆகாதாம். இட்லி மாவும் புளித்ததுதானே? என்ன கொடுப்பது?

மறுமொழி 1: விலக்கு புளிப்புச் சுவைக்கு இல்லை. கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களுக்குத்தான். இந்த மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தாலே அது ‘ஹமெட்ஸ்’, அதாவது பஸ்காவில் விலக்கப்பட்ட புளித்த பண்டம். அதற்குள் சுட்டெடுத்தால் மாட்ஸா அப்பம். தயிரும் திராட்சை மதுவும் புளித்தவைதாம், ஹமெட்ஸ் அல்ல.

மறுமொழி 2: அரிசியும் உளுந்தும் குடும்ப வழக்கைப் பொறுத்தவை. ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்கள் வழக்கமாக இரண்டையும் தவிர்ப்பார்கள். இங்கே சிங்கப்பூரில் உள்ள பழைய யூதக் குடும்பங்கள் பெரும்பாலும் பாக்தாத் வழி வந்தவை. வாட்டர்லூ ஸ்திரீட் மகாயின் அபோத் தொழுகைக்கூடம் (1878) அவர்கள் கட்டியதுதான். பாக்தாத் வழியினரில் பலர் அரிசி உண்பார்கள். ஆனால் நடுவில் ஒரு கோதுமை மணிகூட இருக்கக்கூடாது என்று மூன்று முறை பொறுக்குவார்கள்.

மறுமொழி 3: பெருங்காயத்தை மறந்துவிடாதீர்கள்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சாம்பார் அங்கேயே அடிபட்டுவிடும். சப்பாத்தி சுட்ட தோசைக்கல்லும் அப்படித்தான், சூட்டில் ஹமெட்ஸ் சுவை பாத்திரத்தில் ஏறிவிடும் என்பது அவர்கள் விதி. கழுவினால் போகாது. நறுக்காத வாழைப்பழம், ஆரஞ்சு, புதுக் காகிதத் தட்டு, திறக்காத தண்ணீர்ப் போத்தல் போதும். மற்றதை அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள், சந்தோஷப்படுவார்.