யார்மவுத் மெழுகு முகங்கள்: திருத்துவதா, அப்படியே காப்பதா?

கண்ணாடிக்கண்:
இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில், கிரேட் யார்மவுத் ஊரின் ரீஜென்ட் சாலையில் லூயி துசோ பெயரிலான மெழுகுக் காட்சியகம் 1955 முதல் 2012 வரை நடந்தது. லூயி, லண்டனின் மேடம் துசோ மெழுகுக் காட்சியகத்தை நிறுவிய மேரி துசோவின் கொள்ளுப்பேரன். குடும்ப நிறுவனத்தை விட்டு விலகித் தனியாகத் தொழில் தொடங்கியவர். பெயர்ப்பலகை இல்லாவிட்டால் யாரென்று சொல்ல முடியாத முகங்களுக்காகவே யார்மவுத் காட்சியகம் பேசப்பட்டது.

இப்படிப்பட்ட பழைய கடலோர உருவங்கள் கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்? என் கட்சி இது: முகத்தைத் திருத்த வேண்டும், தேவைப்பட்டால் புதிதாக வார்க்க வேண்டும். இந்தத் தொழில் நெடுங்காலமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. லண்டன் மேரிலபோன் சாலையில் உள்ள மேடம் துசோ காட்சியகம் 1925இல் எரிந்தது. அச்சுகள் தப்பியதால் உருவங்களை மறுபடி வார்த்து 1928இல் திறந்தார்கள். அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லையே.

தேன்மெழுகு:
1925இல் அச்சு இருந்தது, வார்த்தார்கள். 1940இல் அதே கட்டடத்தில் குண்டு விழுந்து 352 தலை அச்சுகள் அழிந்தனவே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடலோரத் தலைகளுக்குப் பெரும்பாலும் அச்சு மிஞ்சியிருக்காது. இருப்பது அந்த ஒரு தலைதான்.

சாயல் பிசகியதே ஒரு தகவல் என்பேன். லண்டனில் ஆளை உட்கார வைத்து இருநூறுக்கு மேற்பட்ட அளவுகள் எடுப்பார்கள். ஆள் வராத இடத்தில் பத்திரிகைப் படத்தைப் பார்த்துக் களிமண்ணில் பிடித்தார்கள். நேர்ப் படத்தில் முகத்தின் அகலம் தெரியும், ஆழம் தெரியாது. அதனால் எதிரே நின்றால் ஓரளவு ஆள் தெரிகிறது, முக்கால்வாட்டில், அதாவது நேருக்கும் பக்கவாட்டுக்கும் இடையில், திரும்பினால் மூக்கின் உயரமும் காதின் இடமும் தடம் புரள்கின்றன. அந்தத் தலையை இன்று திருத்தினால், எப்படிச் செய்தார்கள் என்பதற்கான தடயம் போய்விடும்.

கண்ணாடிக்கண்:
எல்லாப் பழியையும் களிமண் மீது போட வேண்டாம். பாதிக் குற்றம் கண்ணில் இருக்கிறது. பெரியவர்களின் விழிக்கோளம் ஏறக்குறைய 24 மி.மீ., கருவிழி வட்டம் 12 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இமை தளர்வாக இருக்கும் முகத்தில் மேலிமை கருவிழியின் மேல் விளிம்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மறைத்திருக்கும். பழைய உருவங்களில் கண்ணை முன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரியும். யார் முகமானாலும் அதிர்ச்சியடைந்த முகமாகிவிடும். இரண்டு கண்ணையும் இணையாக நேர்முன்னே வைத்தால் பார்வை வெறிச்சோடும். மூன்று மீட்டர் தூரத்தில் நிற்பவரைப் பார்ப்பதுபோல் இம்மி அளவு உள்நோக்கித் திருப்ப வேண்டும்.

இதைச் சரிசெய்ய முகத்து மெழுகைத் தொடவே வேண்டாம். தலை உள்ளே கூடு. பின்மண்டையில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, உள்ளிருந்து கண்ணைக் கழற்றி வேறு கண் பொருத்தலாம். வெட்டிய கோட்டை விக் மூடிக்கொள்ளும்.

வார்ப்பட்டறை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கண் மாற்றுவது சொல்வதுபோல் எளிதில்லை. கண்ணுக்குப் பின்னால் உருக்கிய மெழுகை ஊற்றித்தான் நிறுத்தியிருப்பார்கள். அதை இளக்கச் சூடான கரண்டியைக் கொண்டு போனால், முன்பக்கம் இமை விளிம்பு இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், பின்னால் இருக்கும் கட்டி இளகுவதற்குள் அது தொங்கிவிடும். சூடில்லாமல் பல்மருத்துவக் கருவியால் பின்னாலிருந்து சுரண்டி எடுப்பதே வழி. ஒரு கண்ணுக்கே பல மணி நேரம் பிடிக்கும். விக் இல்லாமல் முடியை இழை இழையாக நட்ட தலை என்றால் பின்மண்டையை வெட்டவும் முடியாது.

புதிதாக வார்ப்பது பற்றி: தேன்மெழுகு மூன்று பங்கு, ஜப்பான் மெழுகு (ஒரு தாவர மெழுகு) ஒரு பங்கு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கலவை. (உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ப்பது நினைவுக்கு வரும். அங்கே மெழுகு உருகி வெளியேறப் போகிறது. இங்கே அதுவே தோல், அதனால் ஒளி உள்ளே புகும் கலவை வேண்டும்.) சாந்து (பிளாஸ்டர்) அச்சை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மேலே நிற்கும் நீரைத் துணியால் ஒற்றிவிட்டு, 70–75 டிகிரியில் ஊற்ற வேண்டும். அச்சு காய்ந்திருந்தால் மெழுகைக் குடித்து ஒட்டிக்கொள்ளும். மெழுகு ஆறிப்போயிருந்தால் கன்னத்தில் அலையலையாகக் கோடு விழும். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் உறைந்ததும் நடுவில் இருப்பதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, இரவு முழுக்க ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் முதலில் போவது காது மடல்.

இப்போது உண்மையான சிக்கல். மெழுகு உறையும்போது ஏறக்குறைய 2% சுருங்கும். இதனால்தான் களிமண் தலையையே 2% பெரிதாகச் செய்வார்கள். பழைய மெழுகுத் தலையிலிருந்து அச்செடுத்து மறுபடி மெழுகில் வார்த்தால் இன்னொரு 2% போகும். 230 மி.மீ. உயரத் தலை நாலரை மில்லிமீட்டர் குட்டையாகும். கண்குழியும் அதே விகிதத்தில் சுருங்குவதால் 24 மி.மீ. கண் உட்காராது.

புதுவரவு:
இவ்வளவு தூரம் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி. முகத்தில் படிந்த அழுக்கைப் பெட்ரோலோ டர்பன்டைனோ தொட்டுத் துடைத்தாலே பாதி சாயல் திரும்பிவிடாதா?

தேன்மெழுகு:
வேண்டவே வேண்டாம், நண்பரே! இரண்டும் மெழுகையே கரைக்கும். புருவம், உதடு, கன்னச் சிவப்பு எல்லாம் மெல்லிய எண்ணெய் வண்ணம், பஞ்சோடு வந்துவிடும். முதலில் அது அழுக்குதானா என்று பாருங்கள். சாம்பல் பூத்ததுபோல் வெண்மையாக இருந்தால் அது மெழுகே வெளியே தள்ளிய பூ. அது 39 டிகிரியிலேயே உருகிவிடும். தேன்மெழுகு உருக 62 வேண்டும். மென்மையான தூரிகையால் துடைத்தாலே போகும். கருப்பாக இருந்தால் தூசி. கோடையில் விளக்குச் சூட்டில் மெழுகு இளகிப் பிசுபிசுக்கும்போது தூசி உள்ளே அமுங்கியிருக்கும். அயனி நீக்கிய நீரில் ஒரு சொட்டு மென்சோப்பு விட்டு, பஞ்சுக்குச்சியை அநேகமாக உலரும் அளவு பிழிந்து, தாடைக்கு அடியில் ஒரு பட்டாணி அளவு இடத்தில் முதலில் உருட்டிப் பாருங்கள். பஞ்சில் இளஞ்சிவப்பு ஏறினால் நிறுத்திவிடுங்கள்.

கண்ணாடிக்கண் ஐயாவுக்கு: கடலோர உருவங்களை அதிகம் கெடுத்தது காலமல்ல, திருத்தம்தான். மெழுகின் உயிர் அதன் ஒளி ஊடுருவலில் இருக்கிறது. ஒளி உள்ளே கொஞ்ச தூரம் போய்த் திரும்புவதால்தான் தோல்போலத் தெரிகிறது. மங்கிய கன்னத்தின் மேல் கெட்டியான பெயின்ட்டைப் பூசினால் முகம் சுவராகிவிடும். அக்ரிலிக் மெழுகில் பிடிக்கவும் செய்யாது. இரண்டு மூன்று கோடையில் மூக்கோரம் செதில் செதிலாக உரியும். உரியும்போது அடியிலிருக்கும் பழைய வண்ணத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

கண்ணாடிக்கண்:
பெயின்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு கொடுத்து உள்ளே வருபவர் முன்னால் இந்த முகத்தை எப்படி நிறுத்துவது? சிலிகான் அச்செடுத்துப் பிசினில் (ரெசினில்) ஒரு படி, அதாவது நகல், வார்த்து, அந்தப் படியில் கண், மூக்கு, வண்ணம் எல்லாவற்றையும் திருத்தினால் உங்கள் மூலத்துக்கு ஒரு கீறலும் விழாதே. பிசின் சுருக்கமும் குறைவு.

வார்ப்பட்டறை:
நட்ட முடி இருக்கும் தலையில் சிலிகானை ஊற்றினால் முடி அதில் பிடித்துக்கொண்டு வேரோடு வரும். அச்சுக்குப் பதில் படம் எடுங்கள். தலையைச் சுற்றி மூன்று உயரத்தில் நூறு நூற்றைம்பது படம் எடுத்தால் முப்பரிமாண வடிவம் கிடைத்துவிடும். மெழுகின் பளபளப்பு கணக்கைக் குழப்பும். விளக்குக்கும் லென்ஸுக்கும் குறுக்கு முனைவாக்க வடிகட்டி (ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பிய போலரைசர்) போட்டால் பளபளப்பு செத்துவிடும். முடியும் இமைமயிரும் சரியாக வராது, அவற்றைக் கணினியில் கையால் சரிசெய்ய வேண்டும். அளவுக்கு ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள்.

தேன்மெழுகு:
அப்படியானால் எனக்குத் தடையில்லை. பலகையில் மட்டும் "படி" என்று போடுங்கள். மூலத்துக்கு: கண்ணாடிப் பேழை, 18லிருந்து 20 டிகிரி, வெளிச்சம் 50 லக்ஸ், பேழைக்குள் விளக்கு கூடாது. குளிர்காலத்தில் ஹீட்டரை இரவில் நிறுத்திக் காலையில் போடும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். கண்ணாடிக் கண்ணும் உள்ளே இருக்கும் கம்பியும் மெழுகளவு சுருங்காது. விரிசல் கண்கோடியிலும் கழுத்திலும் தொடங்கும். கழுத்தடியில் பச்சை படிந்திருந்தால் உள்ளே செம்புக் கம்பி இருக்கிறது, மெழுகின் அமிலம் அதைத் தின்கிறது என்று பொருள். அந்தத் தலையை முதலில் எடுங்கள், மற்றவை காத்திருக்கலாம்.