திம்பம் வளைவில் டக்டக், சமதளத்தில் கரகர: 2008 ஆல்டோ

சத்தி ஆல்டோ:

வணக்கம். 2008 மாடல் ஆல்டோ வைத்திருக்கிறேன், 1,30,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. நான் இருப்பது சத்தியமங்கலம், வீட்டுக்காரம்மா ஊர் தாளவாடி. அதனால் பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதை ஏறாமல் எங்களுக்கு எந்த நல்லது கெட்டதும் கிடையாது.

இரண்டு மாதிரி சத்தம் வருகிறது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ஃபர்ஸ்ட் கியரில் ஆக்சிலேட்டர் கொடுத்தால், முன்பக்கம் 'டக் டக் டக்'. ஸ்டியரிங் நேரானதும் நின்றுவிடும். வலதுபக்கம் ஒடிக்கும்போது அதிகம். அந்தப் பாதையில் வளைவுகள் 27, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று மேலே ஆசனூர் தாண்டி, ரோடு ஓரளவு நேரானதும். 40ஐத் தாண்டினால் 'கரகர' என்று ஆரம்பித்து, வேகம் கூடக்கூட அதுவும் கூடும். பிரேக் அழுத்தினாலும் மாற்றம் இல்லை, பேடு மாற்றி அதிக நாள் ஆகவில்லை. எனக்கு அது இடதுபக்கம் கேட்கிறது. பின்சீட்டில் வரும் மாமனார் வலதுபக்கம் என்று அடித்துச் சொல்கிறார்.

ஒரு பட்டறையில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் 'கியர்பாக்ஸ் போச்சு, இறக்கணும்' என்று 25,000 கேட்டார்கள். இன்னொருவர் இரண்டு ஆக்சிலையும் மாற்றச் சொல்கிறார். வண்டி விலையே அதற்கு மேல் எவ்வளவு வரும்? யாராவது வழி சொல்லுங்கள்.

கரூர் பாலு:

முதலில் செலவில்லாததைப் பாருங்கள். டயர் பள்ளத்தில் ஜல்லி மாட்டியிருந்தாலும் டக்டக் வரும், ஆனால் நேர் ரோட்டிலும் வரும். வீல் நட்டு எல்லாம் டைட்டா? வீல் கப் ஆடுகிறதா? டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே பொடிக்கல் போயிருந்தால்கூட கரகரதான். ஒருமுறை அந்தத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பிவிட்டதோடு என் செலவு முடிந்தது.

பழைய பட்டறைக்காரர்:

தம்பி, இரண்டு சத்தத்தையும் ஒரே நோய் என்று நினைத்துத்தான் கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

டக்டக் சத்தம் டிரைவ் ஷாஃப்டின், அதாவது நீங்கள் ஆக்சில் என்று சொல்வதன், சக்கரத்துப் பக்கம் இருக்கும் வெளி ஜாயிண்ட். ஒடித்து, ஆக்சிலேட்டரும் கொடுத்தால் மட்டும் வருகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், வேறு சாட்சி தேவையில்லை. காலி மைதானத்தில் முழுசாக ஒடித்து, மெதுவாக இரண்டு பக்கமும் வட்டம் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வட்டத்தின் வெளிப்பக்கம் வருகிற சக்கரத்தின் ஜாயிண்ட்தான் கத்தும். உங்கள் கணக்குப்படி இடது. ஆனால் அதை மட்டும் நம்பி சாமான் வாங்காதீர்கள். ஸ்டியரிங்கை ஒடித்து வைத்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட்டைப் பாருங்கள். மடிப்புக்கு நடுவில் கிழிந்திருக்கும். ரிம்மின் உள்பக்கம் கருப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்து, அதன்மேல் புழுதி ஒட்டியிருக்கும். கிரீஸ் வெளியே போய், மண் உள்ளே போனால் குண்டுகள் ஓடும் தடம் தேய்ந்துவிடும். அதுதான் டக்டக்.

கரகர சத்தம் எனக்கு வீல் பேரிங் என்று படுகிறது. நியூட்ரலில் போட்டுப் பார் என்று பலர் சொல்வார்கள். நியூட்ரலில் நின்றால் இன்ஜின் சம்பந்தம், சரி. நிற்காவிட்டால் பேரிங்தான் என்று முடிவு கட்டக்கூடாது, ஏனென்றால் நியூட்ரலில் உருண்டாலும் கியர்பாக்ஸுக்குள் இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சுற்றிக்கொண்டுதானே இருக்கும்? அதைவிட இது நல்லது: ஆள் இல்லாத நேர் ரோட்டில் 50ல் போகும்போது ஸ்டியரிங்கை லேசாக இடதும் வலதுமாக அசையுங்கள். இடதுபக்கம் திருப்பினால் பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங். வலதுபக்கம் திருப்பும்போது கூடினால் இடது. கியர்பாக்ஸ் சத்தம் இப்படி ஆடாது. மலை இறக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம், நியூட்ரலும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன்பக்கம் ஜாக்கி போட்டு, வண்டிக்கு அடியில் போகாமல் ஒரு கையைக் காயில் ஸ்பிரிங் மேல் வைத்து, இன்னொரு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. போயிருந்தால் பக்கத்துத் தெருவில் மாவு மிஷின் ஓடுவதுபோல விரலுக்கு ஒரு அதிர்வு வரும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும், ஆனால் சத்தம் வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் ஆட்டம் வரும். ஆட்டம் இல்லை, அதனால் பேரிங் நல்லது என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

காதை நம்ப வேண்டாம். வண்டியின் பாடி தகடு வழியாக ஏறி வருகிற சத்தம் எந்தப் பக்கம் என்பது உட்கார்ந்த இடத்தைப் பொறுத்தது. மாமனாரோடு சண்டை தேவையில்லை.

மவுண்ட் ரோடு மணி:

நான் ஜாயிண்டைக் கழற்றி, கழுவி, புது கிரீஸ், புது பூட் போட்டேன். சத்தம் போச்சு. ஆக்சிலே வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும்.

பழைய பட்டறைக்காரர்:

மணி, பூட் கிழிந்தது சத்தம் வருவதற்கு முன்னால் தெரிந்தால் கிரீஸும் பூட்டும் போதும். கத்த ஆரம்பித்த பிறகு கிரீஸ் அடைத்தால் கொஞ்ச நாள் வாயை மூடும், அவ்வளவுதான். தேய்ந்த தடம் கிரீஸால் வளராது. சென்னை ரோட்டில் எப்படியோ ஓட்டிவிடலாம், திம்பத்தில் பாதி வளைவில் ஜாயிண்ட் கழன்றால் பின்னால் லாரி வரிசை நிற்கும். பழைய ஆக்சில் வாங்குவதானால் பூட் முழுசாக இருக்கிறதா பாருங்கள், ஷாஃப்டைப் பிடித்து ஜாயிண்டைத் திருகிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். அழுத்தி ஏற்றும் பிரஸ் மெஷின் இருக்கிற லேத் பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உள்ளே ஏற்றும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் அந்த விசை முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய், புது பேரிங் முதல் நாளே கெட்டுவிடும். ஆக்சில் நட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும், கைக்கணக்கு ஆகாது.

சத்தி ஆல்டோ:

அண்ணா, நன்றி. இடது பூட் மடிப்பில் கிழிசல், ரிம் உள்பக்கம் நீங்கள் சொன்ன கருப்பு வட்டம். ஸ்டியரிங்கை இடதுபக்கம் அசைத்தால் கரகர கூடியது, ஸ்பிரிங்கில் கை வைத்தால் வலதுபக்கம் மட்டும் அதிர்வு. மாமனார் முகத்தில் அன்றைக்கு ஒரு ஒளி. இடது வெளி ஜாயிண்ட் புதுசு, வலது பேரிங் புதுசு, லேத் கூலி எல்லாம் சேர்த்து 6,000க்குள் முடிந்தது. கியர்பாக்ஸை யாரும் தொடவில்லை. தாளவாடி போய் வந்துவிட்டோம், இரண்டு சத்தமும் இல்லை.

பழைய பட்டறைக்காரர்:

சந்தோஷம். ஆக்சிலை உருவும்போது கியர் ஆயில் கொஞ்சம் ஒழுகியிருக்கும், லெவல் பார்த்து ஊற்றினார்களா என்று கேளுங்கள். அந்த இடத்து ஆயில் சீலும் பழசாக இருந்தால் கசியும். காலையில் வண்டியை எடுத்ததும் நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள்.