ஒரே காகிதக் கட்டில் நான்கு ‘டிஸ்பொசிஷன்’: எல்லாவற்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல் போடலாமா?

பாலக்கோடு தட்டச்சர்

வணக்கம். பாலக்கோட்டில் ஒரு தட்டச்சு, ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். மனு, பத்திர நகல், சான்றிதழ் மொழிபெயர்ப்பு எல்லாம் எங்களிடம் வரும். மாரண்டஅள்ளிப் பக்கமிருந்து ஒரு குடும்பத்தார் ஒரு கட்டு ஆங்கிலக் காகிதம் கொடுத்து, தமிழாக்கித் தரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டைப் பிரித்தால் ‘டிஸ்பொசிஷன்’ என்ற ஒரே சொல் நான்கு இடங்களில் நிற்கிறது.

தாத்தா ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் வாலிபத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது யாரோ கொடுத்த நற்சான்றில் ‘அமைதியான டிஸ்பொசிஷன் உடையவர்’ என்று இருக்கிறது. அதைச் சதாபிஷேக மலரில் அச்சிட வேண்டுமாம். அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசி வரி, ‘டிஸ்பொசிஷன்: ஹோம்’. மூன்றாவது, பேரன் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய உயில் வரைவு. அதில் ‘டிஸ்போசிங் மைண்ட்’ என்றும் ‘டெஸ்டமென்டரி டிஸ்பொசிஷன்’ என்றும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. நான்காவது, அந்தப் பேரனின் விசாவுக்காக அங்குள்ள வழக்கறிஞர் எழுதிய கடிதம். இங்கே அவர்மேல் முன்பு இருந்த ஒரு சில்லறை வழக்கின் ‘டிஸ்பொசிஷன்’ வேண்டும் என்கிறார்.

கைபேசியில் போட்டுப் பார்த்தேன். மருத்துவமனைக் காகிதத்துக்கு ‘மனநிலை: வீடு’ என்று வந்தது. எங்கள் கடை அண்ணன், “ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான், மாற்றினால் அலுவலகத்தில் கேள்வி கேட்பார்கள், எல்லா இடத்திலும் மனப்பாங்கு என்று போடு” என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாசகர் 2

அகராதியில் முதல் பொருள் மனப்பாங்கு, சுபாவம். முதலில் இருப்பதைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி சிரஸ்தார் (ஓய்வு)

மேலே பதில் எழுதியவர் நல்லவராக இருக்கலாம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பைக் கொடுத்துவிட்டுக் கூண்டுக்கு வெளியே கைகட்டி நின்றவராக இருக்க முடியாது. வழக்கின் மனப்பாங்கைத் தெரிவிக்கவும் என்று எழுதினால் எந்த எழுத்தர் எதைத் தேடி எடுப்பார்?

பாரம்மா, இந்தச் சொல்லுக்கு லத்தீனில் வேர். அங்கே ‘டிஸ்போனெரே’ என்றால் தனித்தனியாகப் பிரித்து, அதது இருக்க வேண்டிய இடத்தில் வைப்பது. அவ்வளவுதான். மனத்துக்கும் அதற்கும் தொடக்கத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அக்காலத்துச் சோதிடர்கள் ஒரு கிரகம் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, அதனால் பிறந்தவன்மேல் என்ன ஆதிக்கம் என்பதற்கு இதைக் கையாண்டார்கள். அங்கிருந்துதான் மனிதனின் சுபாவம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டது என்பார்கள். நம் ஊரிலும் ஒருவன் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் ‘அவனுக்கு நேரம் சரியில்லை’ என்கிறோமே, அதே கணக்கு.

ஆகவே ‘வைப்பது’ என்பதைக் கையில் பிடித்துக்கொண்டால் மற்ற பொருள்கள் தாமே வரிசையில் வரும். படைத்தலைவன் ஆட்களை எங்கெங்கே வைக்கிறான் என்பதும் டிஸ்பொசிஷன்தான். 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நம் கிருஷ்ணகிரிக் கோட்டைமேல் ஏறப் பார்த்து, மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. அந்தப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்கும்போது துருப்புகளின் டிஸ்பொசிஷன் என்று வந்தால், சிப்பாய்கள் கோபமாக இருந்தார்களா, சாதுவாக இருந்தார்களா என்று தேடக் கூடாது. எவனெவன் எந்தப் பாறையடியில் நின்றான் என்று பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் கட்டு. நற்சான்றில் இருப்பது சுபாவம். ‘அமைதியான சுபாவம் உடையவர்’ என்று எழுதுங்கள். மனப்பாங்கு என்பது பாடப்புத்தக வாசனை அடிக்கும். பெரியவரின் மலரில் அது வேண்டாம்.

உயிலில்தான் ஆள் விழுகிற பள்ளம் இருக்கிறது. ‘சவுண்ட் டிஸ்போசிங் மைண்ட்’ என்பதில் மனம் என்ற சொல்லும் பக்கத்திலேயே நிற்பதால் ‘நல்ல சுபாவமுள்ள மனத்துடன்’ என்று எழுதிக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உயில் எழுதுகிறவர் சிடுமூஞ்சியாக இருக்கலாம், ஊரோடு சண்டை போடுகிறவராகவும் இருக்கலாம். சட்டம் அதைக் கேட்கவில்லை. தம் சொத்து எது, உரியவர்கள் யார் யார், எதை யாருக்குக் கொடுக்கிறோம் என்று புரிந்து முடிவு செய்யும் அளவுக்குத் தெளிவு இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, மைனர் அல்லாத, புத்தி சுவாதீனமுள்ள எவரும் தம் சொத்தை உயில் மூலம் ‘டிஸ்போஸ்’ செய்யலாம் என்கிறது. அந்த டிஸ்போஸ்தான் இங்கே டிஸ்போசிங் ஆகியிருக்கிறது. நம் பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் ‘நல்ல நினைவுடனும் புத்தி சுவாதீனத்துடனும்’ போதும். அதைவிட நல்ல தமிழ் உங்களுக்கும் எனக்கும் கிடைக்காது.

‘டெஸ்டமென்டரி டிஸ்பொசிஷன்’ என்பதற்கு ‘உயில் வழி சொத்து ஏற்பாடு’ என்று எழுதலாம். ‘பராதீனம்’ என்றும் சிலர் போடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பராதீனம் என்றாலே கிரயம், அடமானம் என்று உயிருடன் இருக்கும்போது கை மாற்றுவதுதான் இங்கே எல்லோருக்கும் நினைவில் வரும். உயிலோ அவர் காலத்துக்குப் பிறகுதான் பேசும்.

விசாக் கடிதத்தில் இருப்பது எங்கள் நீதிமன்றத் துறைச் சொல். நாங்கள் ‘பைசல்’ என்போம். வழக்கு எப்படி பைசலானது? விடுதலையா, அபராதமா, தள்ளுபடியா? அமெரிக்கர்கள் கேட்பது அதைத்தான்.

தருமபுரி செவிலியர்

மருத்துவமனைக் காகிதத்துக்கு மட்டும் சொல்கிறேன். அமெரிக்க வழக்கத்தில் அது நோயாளியை எங்கே அனுப்பினார்கள் என்ற கட்டம். வீட்டுக்கா, வேறு மருத்துவமனைக்கா, முதியோர் பராமரிப்பு நிலையத்துக்கா, இறந்துவிட்டாரா என்று ஒன்றைக் குறிப்பார்கள். ‘டிஸ்சார்ஜுக்குப் பின் அனுப்பிய இடம்: வீடு’ என்று எழுதுங்கள். உடல்நிலை என்று எழுதிவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது நோயாளி எப்படி இருந்தார் என்பதற்குத் தனி வரி இருக்கும், இரண்டும் குழம்பிப் போகும்.

அதே காகிதத்தில் ‘ப்ரீ’ சேர்த்த சொல்லும், அதாவது ‘ப்ரீடிஸ்பொசிஷன்’, இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றி எழுதும்போது அடிக்கடி வரும். குடும்ப வழியில் அந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று பொருள். நோய் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. இதைத் தவறாகப் படித்துவிட்டு, இல்லாத சர்க்கரைக்கு அரிசிச் சோற்றை நிறுத்தியவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

பென்னாகரம் மாட்டுக்காரர்

நமக்கும் கோர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இந்தச் சொல்லை மாட்டுப் புத்தகங்களில் பார்த்திருப்பதால் எழுதுகிறேன். பர்கூர் மாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போதெல்லாம் அதன் முரட்டு டிஸ்பொசிஷனை எழுதாமல் விடமாட்டார்கள். (இது அந்தியூர் மலைமேல் இருக்கிற பர்கூர். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் என்று நினைத்து வந்து மாடு கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.) புது ஆளைக் கண்டால் மிரளும், பழக்க நேரமும் பொறுமையும் வேண்டும். எங்கள் ஆலம்பாடி எருது உழவுக்குப் பெயர் போனது, பழகிவிட்டால் சொன்ன சொல் கேட்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. மாட்டுக்குச் சுபாவம் ஒன்று, அப்போதைக்கு அது இருக்கும் நிலை ஒன்று. கன்று போட்ட பசு கிட்டே போனால் முட்டும். அதற்காக அதை முட்டுகிற மாடு என்று சந்தையில் யாரும் சொல்லமாட்டார்கள். நுகத்தடியை வைத்ததும் படுத்துக்கொள்கிறதே, அது சண்டி. அது ஒருநாள் கோபம் இல்லை, அதன் போக்கே அது. வாங்க வருகிறவர் சுழி பார்ப்பார், துண்டை வீசிப் பார்ப்பார், எல்லாம் இந்தப் போக்கைக் கண்டுபிடிக்கத்தான். அதனால் ‘மனநிலை’ என்பதை நற்சான்றுக்கும் போடாதீர்கள். மனநிலை மாலைக்குள் மாறிவிடும்.

கிருஷ்ணகிரி சிரஸ்தார் (ஓய்வு)

மாட்டுக்காரர் சொன்னதை ஏற்கிறேன். அத்துடன் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லுக்கு முன்னால் அமைதியான, முரட்டு என்று அடை வந்தால் பெரும்பாலும் சுபாவம். பின்னால் ‘டு’ வந்து ஒரு வினை தொடர்ந்தால் நாட்டம் அல்லது போக்கு. எதையும் சந்தேகிக்கும் போக்கு, சமாதானமாகப் போகும் நாட்டம், இப்படி. பின்னால் ‘ஆஃப்’ போட்டுச் சொத்தோ வழக்கோ வந்தால் ஏற்பாடு, பைசல். ‘ஆஃப்’ வந்து பின்னால் மனிதன் நின்றால் மறுபடியும் சுபாவத்துக்கே போய்விடும், அங்கே கவனம்.

பாலக்கோடு தட்டச்சர்

எல்லோருக்கும் நன்றி. கடை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். ‘பைசல்’ என்றதும் ஒத்துக்கொண்டார், அது அவருக்கே தெரிந்த சொல்லாம். ஐயா, இரண்டு சந்தேகம். உயில் வரைவில் சாட்சி ஒருவர்தான் இருக்கிறார், சரியா? அந்த வழக்கின் பைசலுக்கு அவர்கள் எங்கே போக வேண்டும்?

கிருஷ்ணகிரி சிரஸ்தார் (ஓய்வு)

போதாதம்மா. அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதிவு செய்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் மொழிபெயர்ப்பதோடு நில்லுங்கள். வரைவைத் திருத்துவது வழக்கறிஞர் வேலை, அவரிடம் அனுப்புங்கள்.

வழக்குக்கு, அது எந்த நீதிமன்றத்தில் முடிந்ததோ அங்கேயே நகல் மனு போட வேண்டும். சி.சி. எண் என்கிற வழக்கு எண்ணும் வருடமும் இருந்தால் வேலை சுலபம். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்கச் சொல்லுங்கள். நகல் கைக்கு வந்த பிறகு மொழிபெயர்ப்பைத் தொடங்குங்கள், அதற்கு முன் ஒரு வரிகூட வேண்டாம்.