குட்டியின் விண்ணப்பமும் குடும்பக் குழுவும்

[குழு: கொக்குவில் வீட்டார்]

நான்: எல்லோருக்கும் வணக்கம். யாழ் பல்கலைக்கழகத்தில் சங்கீதப் பட்டத்துக்கான உளச்சார்புப் பரீட்சைக்கு, அதாவது பாடவைத்துத் திறமையைப் பார்க்கிற தேர்வுக்கு, விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள். போடப் போகிறேன். குழுவிலும் ஒரு வார்த்தை கேள் என்று அம்மா சொன்னா. கிளிநொச்சி அக்கா, பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவர் நீங்கள்தானே, நீங்களும் சொல்லுங்கோ.

மாமா: போடு, போடு. இதில் கேட்க என்ன இருக்கு?

சித்தப்பா டொரொன்டோ: நிறைய இருக்கு மச்சான். குட்டி, உயர்தரத்தில் நீ எடுத்த இசட் புள்ளிக்குக் கலைப்பீடம் கிடைக்கும்தானே? பொருளியலோ புவியியலோ படி. பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். பாட்டு எங்கேயும் ஓடிப்போகாது.

பெரியப்பா: வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர் குடித்தால் வரும் ஏழு நன்மைகள்! அனைவருக்கும் பகிரவும்.

பெரியம்மா: இந்த மனுஷனின் கையில் இருந்து போனை யாராவது வாங்குங்கோ.

பெரியம்மா: பிள்ளை, நீ வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை ஆறாம் தரம் வரை எடுத்தனிதானே? அது போதாதா? எங்கள் காலத்தில் அந்தச் சான்றிதழுக்கே ஊரில் பெரிய மதிப்பு.

கிளிநொச்சி அக்கா: மதிப்பு இப்பவும் இருக்கு அம்மா. குரலைத் திருத்தினது சபைப் பரீட்சைதான். ஆனால் பட்டதாரி ஆசிரியர் நியமனம் என்று வந்தால் பட்டத்தைத்தான் கேட்பார்கள்.

சித்தப்பா டொரொன்டோ: நியமனமா! 2017இல் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் குந்தியிருந்ததை எல்லோரும் மறந்துவிட்டீர்களோ?

கிளிநொச்சி அக்கா: மறக்கவில்லை சித்தப்பா. அங்கே இருந்தவர்களில் பெரும்பகுதி கலைப்பட்டதாரிகள். நீங்கள் சொல்கிற புவியியலும் அதற்குள் வரும்.

மாமா: ஹா ஹா.

சித்தப்பா டொரொன்டோ: சரி, அப்படியென்றால் கல்வியியற் கல்லூரிக்குப் போகட்டும். அங்கேயும் சங்கீத நெறி இருக்குத்தானே. மூன்று வருடம், முடிந்த கையோடு நியமனம்.

கிளிநொச்சி அக்கா: இது நியாயமான கேள்வி. குட்டி, இதை நீ உண்மையாகவே யோசிக்க வேண்டும். கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் விடுதியில் இருந்து படிப்பு, மூன்றாம் வருடம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி. வகுப்பில் எப்படி நிற்பது என்று தொடக்கத்திலேயே கையைப் பிடித்துக் காட்டுவார்கள்.

கிளிநொச்சி அக்கா: பல்கலைக்கழகத்தில் நாலு வருடம். அங்கே உன்னைப் பாடகியாக்குவார்கள். கீர்த்தனை, மனோதர்மம் என்கிற கற்பனையாகப் பாடுகிற பகுதி, இசை வரலாறு, கடைசி வருடம் ஒரு கச்சேரி, ஒரு ஆய்வு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது பெரும்பாலும் பிறகுதான் வரும். வேலை கிடைத்தபின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்வோம் பார், அப்போது. அதையும் பலர் கிழமை நாளில் படிப்பித்துக்கொண்டு சனி ஞாயிறில்தான் படிக்கிறார்கள்.

அம்மா: அப்ப நீ எதைச் சொல்கிறாய் பிள்ளை?

கிளிநொச்சி அக்கா: நான் பட்டத்தைத்தான் சொல்வேன் சித்தி. ஆனால் பட்டம் கிடைத்தால் ஆசிரியர் ஆகிவிட்டோம் என்ற நினைப்போடு போகக்கூடாது. எங்கள் பக்கம் புதிதாக வருகிற பட்டதாரிகள் முதல் தவணை முழுக்க வகுப்பில் கச்சேரி செய்கிறார்கள். பிள்ளைகள் வாய் பார்த்துக்கொண்டு இருக்கும்.

நான்: வகுப்பு எப்படி இருக்கும் அக்கா? உள்ளதைச் சொல்லுங்கோ.

கிளிநொச்சி அக்கா: எனக்குச் சங்கீத அறை கிடையாது. மண்டபத்தில் ஒரு மூலை. பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் கணித வகுப்பு. நான் சுருதி போட்டால் கணித ஆசிரியர் தொண்டையைச் செருமுவார். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை பேசாது.

கிளிநொச்சி அக்கா: உன் சுருதி ஐந்து கட்டை, பெண் குரலுக்கான உயரம், என்று வை. அதிலேயே தரம் 9 வகுப்பைப் பாடவைத்தால் பின்வரிசைப் பொடியன்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். அந்த வயதில் அவர்களுக்குக் குரல் உடைகிறது. மேலே போனால் கீச்சென்று கிழியும், முன்வரிசை சிரிக்கும், அந்தப் பொடியன் அதற்குப் பிறகு வாயே திறக்கமாட்டான். நான் அவர்களைத் தாளத்துக்கும், தாளத்தை வாயால் சொல்கிற சொற்கட்டுக்கும் மாற்றிவிடுவேன். குரல் ஒரு இடத்தில் நின்றபிறகு கீழ்ச்சுருதியில் தனியாகக் கூப்பிட்டுப் பாடவைப்பேன்.

மாமா: இது எனக்கு நடந்தது. இந்துக் கல்லூரியில் படிக்கும்போது. அன்றைக்கு மூடின வாய்தான்.

பெரியம்மா: அதுதான் இப்ப வாட்ஸ்அப்பில் திறந்து வைத்திருக்கிறாய்.

கிளிநொச்சி அக்கா: தரம் 6 வேறு கதை. மாயாமாளவகௌளை ராகத்தில் ஸரளி வரிசை என்கிற ஆரம்ப ஸ்வரப் பயிற்சியைத் தொடங்கினால் இரண்டாம் கிழமையே கொட்டாவி. நான் முதலில் அரிவி வெட்டுப் பாட்டு, நெல் அறுக்கும்போது பாடுகிற பாட்டு, எடுப்பேன். பாடத்திட்டத்தில் நாட்டார் பாடலும் இருக்கு, யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகள் இரணைமடுத் தண்ணீரில் விளையும் வயலுக்குள் வளர்ந்தவர்கள். அரிவாள் வீச்சுக்குத் தாளம் தானாக விழும். அந்தத் தாளத்துக்குள் ஸரிகமவைக் கொண்டுபோய் வைத்தால் ஒருவரும் கொட்டாவி விடுவதில்லை.

அம்மா: இதையெல்லாம் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தந்தார்களோ?

கிளிநொச்சி அக்கா: அரிவி வெட்டை ஒரு தாத்தாவிடம் கேட்டு எழுதினேன். ஆனால் கேட்டதை ஸ்வரப்படுத்தி எழுதுகிற பயிற்சி மருதனார்மடத்தில், யாழ் பல்கலைக்கழகத்தின் இசைப் பகுதியில், கிடைத்ததுதான். அது இல்லையென்றால் தாத்தாவின் பாட்டு என் போனில் பதிவாகவே கிடந்திருக்கும். அதற்குத்தான் பட்டம் வேண்டும் என்கிறேன்.

அம்மம்மா: (குரல் பதிவு 0:52)

அம்மா: கேட்கமுடியாதவர்களுக்காக எழுதுகிறேன். அம்மம்மா சொல்கிறா, மருதனார்மடம் சும்மா இடம் இல்லையாம். 1960இல் இராமநாதன் கல்லூரி வளவில் இசைக் கல்லூரி தொடங்கினது. இந்தியாவில் இருந்து வித்துவான்களைக் கூப்பிட்டு வைத்துப் படிப்பித்தார்கள். பெயர்பெற்ற பாடகர் மகாராஜபுரம் சந்தானமே அங்கே அதிபராக இருந்தவராம். 1975இல்தான் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அதில் படித்து வந்தவர்களைத் தெருவில் கண்டால் எழும்பி நிற்போம் என்கிறா.

சித்தப்பா டொரொன்டோ: மாமிக்கு என் வணக்கம். ஆனால் மாமி, அது அந்தக் காலம்.

மாமா: மச்சான், உங்கள் மகள் ஸ்காபரோவில் சனிக்கிழமை யாரிடம் பாட்டுப் படிக்கிறாள்?

சித்தப்பா டொரொன்டோ: ஒரு ரீச்சரிடம்.

மாமா: அந்த ரீச்சர் எங்கே படித்தவ?

சித்தப்பா டொரொன்டோ: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: ஹிஹி. நான் வாசித்துவிட்டேன். மருதனார்மடம்.

சித்தப்பா டொரொன்டோ: நான் பாட்டுக்கு எதிரி இல்லை. நியமனம் வரும் வரை பிள்ளை இரண்டு வருடமோ மூன்று வருடமோ வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கிளிநொச்சி அக்கா: உண்மை சித்தப்பா, அதற்கு என்னிடமும் பதில் இல்லை. நானும் காத்திருந்தேன். வீட்டு வகுப்பு எடுத்தேன், கோயில் விழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கினேன். நியமனம் வந்தபோது யாழ்ப்பாணத்துக்குள் வரவில்லை. வன்னிக்கு வந்தது. குட்டி, அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொள்.

நான்: எனக்கு வன்னி பிரச்சினை இல்லை.

அம்மா: எனக்குப் பிரச்சினை. சரி, அதைப் பிறகு பார்ப்போம்.

கிளிநொச்சி அக்கா: பள்ளிக்கூடத்தில் பாடம் மட்டும் இல்லை. தமிழ்த்தினப் போட்டி வந்தால் வலயம், மாகாணம், அகில இலங்கை என்று ஓட வேண்டும். பரிசளிப்பு விழா, வாணி விழா, புது அதிபர் வந்தால் வரவேற்புப் பாட்டு, எல்லாம் நீதான். பாடசாலைக் கீதம் சுருதி விலகினாலும் உன் தலையில்தான் விழும்.

பெரியப்பா: குட்டி, மட்டக்களப்பில் கல்லடியிலும் விபுலானந்தர் பெயரில் ஒரு நிறுவகம் இருக்குத்தானே? அங்கேயும் சங்கீதப் பட்டம் உண்டு. அதற்கும் சேர்த்துப் போடு. ஒன்று தவறினால் மற்றது.

பெரியம்மா: அட, வெந்தயத்துக்கு நடுவில் உருப்படியாக ஒன்று.

கிளிநொச்சி அக்கா: பெரியவர் சொன்னது சரி. அதோடு இதையும் கேள். உளச்சார்புப் பரீட்சைக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்திலும் அந்த நெறியைப் போட வேண்டும். ஒன்றைப் போட்டு மற்றதை விட்ட பிள்ளைகள் வருடா வருடம் அழுகிறார்கள்.

நான்: இரண்டையும் எழுதி வைத்துவிட்டேன். பரீட்சையில் என்ன கேட்பார்கள்?

கிளிநொச்சி அக்கா: என்னிடம் ஒரு வர்ணத்தை இரண்டு காலத்தில், அதாவது ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை இரட்டை வேகத்திலும், பாடச் சொன்னார்கள். பிறகு அவர்கள் பாடின ஸ்வரக்கோவையைத் திருப்பிப் பாடச் சொன்னார்கள். அதில்தான் பலர் விழுந்தார்கள். உன் தோடி ராக வர்ணத்தை இங்கே பதிந்து அனுப்பு.

நான்: (குரல் பதிவு 2:14)

மாமா: அற்புதம்!

அம்மம்மா: (குரல் பதிவு 0:09)

கிளிநொச்சி அக்கா: முதற்காலம் நல்லா இருக்கு. இரண்டாம் காலத்தில் வர்ணத்தின் முத்தாயி ஸ்வரப் பகுதியில் அவசரப்படுகிறாய், தாளம் உன்னைத் துரத்துகிறது. ‘க’ என்கிற காந்தார ஸ்வரம் அசையவேண்டிய அளவுக்கு அசையவில்லை. தினமும் காலையில் சுருதிப்பெட்டியோடு முதற்காலத்தை மட்டும் பாடு. இரண்டாம் காலத்தை ஒரு கிழமைக்குத் தொடாதே.

சித்தப்பா டொரொன்டோ: எனக்கு நல்லாத்தான் கேட்டது.

கிளிநொச்சி அக்கா: அதனால்தான் சித்தப்பா உங்களைப் பரீட்சகராகப் போடவில்லை. குட்டி, வருகிற ஞாயிறு நான் கொக்குவில் வருகிறேன். ஒன்பது மணிக்குத் தயாராக இரு. சபைச் சான்றிதழ்கள், உயர்தரப் பெறுபேறு, எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக்கொப்பி எடுத்து வை.

அம்மா: ஞாயிறு மத்தியானம் எல்லோருக்கும் இங்கே சாப்பாடு. யார் யார் வருகிறீர்கள் என்று இப்பவே சொல்லுங்கோ, மீன் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: நான் வருவேன்.