1,60,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் எஞ்சின் ஆயில் குடிக்கிறது, பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

பழையவண்டி:
டர்போ இல்லாத பெட்ரோல் கார். இந்த முறை ஆயில் மாற்றி 2,000 கி.மீ. கூட ஓடவில்லை, டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டில் இருந்த ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. வண்டிக்கு அடியில் சொட்டு எதுவும் இல்லை, இழுவையும் குறையவில்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் லேசாக நீலப் புகை வந்து கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்கணும் என்கிறார் மெக்கானிக். கெட்டியான ஆயில் ஊற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

வால்வுசத்தம்:
புகை எப்போது வருகிறது என்பதைப் பார்க்காமல் ரிங் என்று முடிவு கட்டுவது தப்பு. வண்டி நின்றிருக்கும்போது ஹெட்டில் (எஞ்சினின் மேல்பகுதி) தேங்கிய ஆயில், வெப்பத்தில் இறுகிப்போன வால்வு சீல் (வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர்) வழியாக மெல்ல சிலிண்டருக்குள் இறங்கி, மறுநாள் ஸ்டார்ட் செய்ததும் எரியும். அதனால்தான் ஆரம்பத்தில் மட்டும் புகைந்துவிட்டு நிற்கிறது. நீண்ட இறக்கத்தில் கியரிலேயே இறங்கிவிட்டு மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது புகை வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் நன்றாக மிதிக்கும்போது, தொடர்ந்து புகையும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு வால்வு சீல் மேல்தான் சந்தேகம். பல எஞ்சின்களில் சிலிண்டருக்குள் காற்றை அடைத்து வால்வைப் பிடித்துக்கொண்டு, ஹெட்டைக் கழற்றாமலே சீலை மாற்றிவிடலாம்.

கரிப்புகை:
சீலுக்கும் முன்னால் பிசிவி வால்வைப் பாருங்கள், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு (எஞ்சினுக்குக் காற்று போகும் பாதை) அனுப்பும் சின்ன பாகம், கழற்றுவதும் சுலபம். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி சீல், கேஸ்கட் வழியாக ஆயில் கசியும், திறந்தபடியே மாட்டிக்கொண்டால் ஆயில் ஆவியை இன்டேக்கே உறிஞ்சி எரித்துவிடும், இரண்டிலும் டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கும். சாதாரண வகை என்றால் கழற்றிக் குலுக்கும்போது கடகடவென்று சத்தம் வர வேண்டும். சில எஞ்சின்களில் இது வால்வு கவரிலேயே சவ்வாக இருக்கும், அதில் குலுக்கிப் பார்க்க முடியாது.

இன்னொன்று, மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் இப்படிக் குறையும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை கி.மீ.க்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள். பல கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 1 லிட்டர்.

பழையவண்டி:
நன்றி. கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது) எடுத்தால் ரிங் நிலை தெரிந்துவிடும்தானே? ஆயில் கெட்டியாக்குவது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

நெடுந்தூரம்:
டெஸ்ட் கட்டாயம் எடுங்கள். அளவு குறைவாக வந்தால் ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அப்போது நன்றாக ஏறினால் தேய்மானம் ரிங்கில். ஆனால் கம்ப்ரெஷன் சரியாக இருக்கிறது என்பதற்காக ரிங் நல்லது என்று விட்டுவிடாதீர்கள். அழுத்தத்தைத் தாங்குவது மேலே உள்ள ரிங்குகள், சிலிண்டர் சுவரில் ஆயிலை வழிப்பது கீழே உள்ள ஆயில் ரிங். ஆயிலைக் காலம் கடத்தி மாற்றியும், எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடும் குட்டிப் பயணங்களிலேயே ஓட்டியும் வந்தால், அந்த ரிங்கும் அதன் பின்னால் பிஸ்டனில் உள்ள வடிகால் துளைகளும் கரி பிடித்து இறுகிவிடும். கம்ப்ரெஷன் அப்படியே இருக்கும், ஆயில் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கரியைக் கரைக்கும் திரவத்தைப் பிஸ்டன் மேல் ஊற்றி ஊறவைத்தால் சிலவற்றில் ரிங் விடுபடும், எல்லாவற்றிலும் இல்லை. அதைச் செய்தால் ஆயிலை உடனே மாற்றிவிடுங்கள்.

கெட்டி ஆயில் விஷயத்தில், கையேடு 5W-30, 5W-40 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்கள், 40 கூடுதல் கெட்டி) இரண்டையும் அனுமதித்தால் 40-க்குப் போகலாம், ஆயில் குடிப்பது கொஞ்சம் குறையும். அனுமதிக்காத கெட்டியை ஊற்றாதீர்கள், குளிர் ஸ்டார்ட்டில் மேலே ஆயில் போய்ச் சேரவே தாமதமாகும். பழைய எஞ்சினுக்கென்று விற்கும் ஆயிலில் இறுகிய ரப்பரைச் சற்று இளக்கும் சேர்மானம் உண்டு, உங்கள் சீலுக்கு முயன்று பார்க்கலாம்.

இதற்கு நடுவில் ஆயிலைக் கீழ்க்கோட்டுக்குக் கீழே விட்டுவிடாதீர்கள். பல வண்டிகளில் டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு ஆயில் அழுத்தத்துக்கானது, அளவுக்கானது இல்லை. அது எரிவதற்குள் பேரிங் அடிபட்டிருக்கலாம். எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும் என்பதால், டாப்-அப் செய்தே வருடக்கணக்கில் ஓட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம். முதலில் பிசிவி, அப்புறம் டெஸ்ட், டெஸ்ட் அளவைக் கொண்டுவந்து இங்கே போடுங்கள், மீதியைப் பேசுவோம்.